பழைய படகில் நீர் புகும் வழியைக் காணுதல்



மழைக்காலத்தில் தகரக் கூரை ஒழுகுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். நீர் சொட்டும் இடத்திற்கு நேர் மேலே துளை இருப்பது அரிது. துளை கூரையின் உச்சியில் ஓர் ஆணியடியில் இருக்கும். அங்கே புகுந்த நீர் தகரத்தின் அடிப்புறமாக வழிந்து, ஒரு சட்டத்தைத் தொட்டு, அதன் வழியே ஓடி, எங்கேயோ ஓர் மூலையில் நம் படுக்கையின் மீது சொட்டும். சொட்டும் இடத்திற்கு மேலே தார் பூசியவர் அடுத்த மழையிலும் நனைவார்.

படகுக்கும் இதே விதிதான். நீர் தேங்கும் இடம் வேறு. நீர் புகும் இடம் வேறு. இவ்வேறுபாட்டை உணராதார் பணத்தையும் இழப்பர். சில வேளைகளில் உயிரையும் இழப்பர். ஆகவே, பழைய படகொன்றில் நீர் புகும் வழியை எவ்வாறு முறையாகக் கண்டறிவது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நம் நாட்டில் ஆற்றோரமாக அமைந்த தோட்டங்கள் பல. பேராக் ஆறு பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. லங்காட் ஆறு கேரித் தீவைப் பெருநிலத்தினின்று பிரிக்கிறது. இத்தகைய இடங்களில் வாழ்வோர் ஓய்வு நாளில் மீன் பிடிக்கச் செல்வதும், அக்கரைக்குச் சென்று வருவதும் இயல்பு. புதுப் படகின் விலை எளியவர் கைக்கு எட்டாது. எனவே பலர் பழைய படகையே நாடுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால், பழைய படகை வாங்குவோர் அதன் பழைய குறைகளையும் சேர்த்தே வாங்குகின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

நம் தோட்டத்தில் ஏழு குடும்பத்தார் பணம் சேர்த்து ஐந்து மீட்டர் நீளமுள்ள மரப்படகு ஒன்றை வாங்கினர். நீல வண்ணம் புதிதாகப் பூசப்பெற்று அது பளபளவென்று காட்சியளித்தது. இரண்டாம் வாரத்திலேயே பின்புறத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றது. உடனே பின்புறப் பலகைகளில் தார் பூசினர். நீர் நிற்கவில்லை. மீண்டும் ஒரு தகரம் தார் வாங்கிப் பூசினர். அப்பொழுதும் நிற்கவில்லை. "படகையே விற்றுவிடலாம்" என்னும் பேச்சு எழுந்தது. அந்நிலையில் பெற்றோர் சிலரும் ஆறாம் ஆண்டு மாணவர்களும் நாமும் சேர்ந்து அப்படகை முறைப்படி ஆராய்ந்தோம். அவ்வாராய்ச்சியையே இப்பாடத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நீர் ஏன் உட்புகுகிறது?

படகு தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கிக்கொண்டு மிதக்கிறது. இவ்வுண்மையைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் கண்டுரைத்தார். விலக்கப்பட்ட நீர் தன் பழைய இடத்தைப் பெற எப்பொழுதும் படகை அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். சிறு வழி ஒன்று கிடைத்தால் போதும், நீர் உள்ளே பாயும்.

அது பாயும் வேகத்தையும் கணக்கிடலாம். இத்தாலிய அறிஞர் டொரிசெல்லி 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்குரிய விதியை வகுத்தார். நீர்மட்டத்திற்கு 30 சென்டிமீட்டர் கீழே உள்ள துளையில் நீர் வினாடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். அத்துளையின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டர், அதாவது நம் சுண்டுவிரல் பருமன், என்று வைத்துக்கொள்வோம். துளையைக் கடக்கும்போது நீர்த்தாரை சற்றுச் சுருங்கும். அதனையும் கழித்துப் பார்த்தால், நிமிடத்திற்குச் சுமார் 7 லிட்டர் நீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 400 லிட்டருக்கு மேல்! அதன் எடை 400 கிலோகிராமுக்கு மேல்; ஆறு பெரியவர்கள் படகில் ஏறியதற்கு ஒப்பாகும். துளையின் குறுக்களவு இரு மடங்கானால் நீர் நான்கு மடங்காகும். சுண்டுவிரல் அளவுதானே என்று எண்ணுவோர் இக்கணக்கை நினைவில் வைத்தல் நலம்.

இது புகுவழியின் நீரா?

படகில் நீர் கண்டவுடன் படகு ஒழுகுகிறது என்று முடிவு கட்டலாகாது. மழைநீர் விழுந்திருக்கலாம். அலை மோதி விளிம்பின் வழியே தெறித்திருக்கலாம். ஈர வலையிலிருந்து வடிந்திருக்கலாம். படகின் அடியில் நீர் வடிப்பதற்கென்று விட்ட துளையின் தக்கை சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். ஆகவே முதலில் தக்கையைப் பாருங்கள். பின்னர்ப் படகின் உட்புறத்தை நன்கு துடைத்து, மேலே மழை விழாதவாறு தார்ப்பாய் கட்டி, அமைதியான நீரில் ஓர் இரவு விட்டு வையுங்கள். காலையில் உள்ளே நீர் இருந்தால், அது புகுந்த நீரே.

மரப்படகாயின் இன்னொன்றையும் எண்ண வேண்டும். மரம் வெயிலில் காய்ந்தால் சுருங்கும். நீரில் ஊறினால் விரியும். பல வாரம் கரையில் கிடந்த படகின் பலகைகளுக்கிடையே இடைவெளி தோன்றுவது இயற்கை. அதனை நீரில் இறக்கியவுடன் எல்லா மூட்டுகளிலும் நீர் கசியும். ஓரிரு நாட்களில் பலகைகள் விரிந்து மூட்டுகள் தாமே இறுகும். இதனை அறியாமல், காய்ந்த நிலையிலேயே எல்லா இடைவெளிகளிலும் பஞ்சைச் சம்மட்டியால் இறுக அடித்தால், பின்னர் விரியும் பலகைக்கு இடமின்றி அது வெடிக்கவும் ஆணியைப் பிடுங்கவும் கூடும். கோணிச் சாக்குகளை நனைத்துப் படகினுள் பரப்பி, அவை காயாமல் காத்து, மரத்தை ஊற விடுவதே முறை. நம் தோட்டத்துப் படகை மூன்று நாள் இவ்வாறு ஊற வைத்தோம். பல இடங்களின் கசிவு நின்றது. நில்லாத கசிவு ஒன்று எஞ்சியது. தேட வேண்டியது அதனையே.

வாளியும் கடிகாரமும்

"நிறைய வருகிறது", "கொஞ்சம் வருகிறது" என்னும் சொற்கள் ஆராய்ச்சிக்கு உதவா. அளந்து சொல்ல வேண்டும். அதற்கு வேண்டியவை பத்து லிட்டர் வாளி, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு, இவ்வளவே.

படகை முற்றிலும் துடைத்துத் துறையருகே கட்டி, ஒரு மணி நேரம் வெறுமையாக விட்டோம். உள்ளே சேர்ந்த நீரை இறைத்து அளந்தோம். அரை வாளி, அதாவது 5 லிட்டர். அடுத்து, பெரியவர் நால்வரைப் படகில் அமரச் செய்து மீண்டும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இம்முறை 15 லிட்டர். மாணவர் ஒருவர் படகின் புறத்தே, வெறும் படகு மிதக்கும் நீர்மட்டத்தையும் ஆளேறிய படகு மிதக்கும் நீர்மட்டத்தையும் கோடிட்டுக் குறித்தார்.

இந்த இரண்டு எண்கள் நமக்கு என்ன கூறுகின்றன? வெறும் படகின் அடிப்பகுதி 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. ஆளேறியபின் 22 சென்டிமீட்டர் ஆயிற்று. ஆழம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே கூடியிருக்கிறது. புகுவழி படகின் அடியில் இருந்தால், நீரும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்க வழியில்லை. ஆனால் மூன்று மடங்கு கூடியதே! எனவே புகுவழி அடியில் இல்லை. வெறும் படகின் நீர்மட்டக் கோட்டை ஒட்டியோ, அதற்கு மேலோதான் இருக்க வேண்டும். ஆள் ஏறாத போது மேலோட்டமாக நனைந்த அவ்விடம், ஆள் ஏறியதும் ஆழத்தில் மூழ்கி விடுகிறது. அடிப்பலகையில் இரண்டு தகரம் தார் பூசியும் பயன் விளையாமைக்குக் காரணம் இப்பொழுது புலனாகிறது அன்றோ!

ஓடும் போது மட்டும் நீர் புகும் படகுகளும் உண்டு. அத்தகைய படகில் இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையையும், அலையை எதிர்கொள்ளும் முன்புறத்தையும் முதலில் ஆராய வேண்டும். இயந்திரத்தின் அதிர்ச்சியாலும் அலையின் மோதலாலும் அங்குள்ள மூட்டுகள் அசைந்து திறக்கும். படகு நின்றவுடன் மூடிக்கொள்ளும்.

பாதி பாதியாகத் தேடுதல்

எவ்வுயரத்தில் என்பதை அறிந்தோம். எப்பக்கத்தில் என்பதை அறிய வேண்டும்.

மரப்படகின் உட்புறத்தில் பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உண்டு. இவற்றை வங்கு என்பர். வங்குகளின் அடியில் நீர் வடிந்து செல்லச் சிறு வாய்கள் விடப்பட்டிருக்கும். எங்கே புகுந்த நீரும் இவ்வாய்களின் வழியே ஓடித் தாழ்வான இடத்தை அடைந்துவிடும். நம் படகில் இயந்திரத்தின் பாரத்தால் பின்புறம் தாழ்ந்திருந்தது. ஆகவே நீர் அங்கே தேங்கிற்று. தேங்கியது அங்கே, புகுந்தது எங்கே?

நம் படகில் ஏழு வங்குகள். ஆகவே எட்டு அறைகள். நடு வங்கின் வாயைக் களிமண்ணால் அடைத்து அணை கட்டினோம். படகைத் துடைத்துக் காத்திருந்தோம். பின்பாதி உலர்ந்தே இருந்தது. நீர் முழுவதும் முன்பாதியில் நின்றது. தார் பூசியவர்கள் வியப்புற்றனர். அடுத்து முன்பாதியின் நடுவில் அணை. நீர் அதன் முற்பகுதியில் நின்றது. மூன்றாவதாக ஓர் அணை. இப்பொழுது விடை தெளிவாயிற்று. நீர் புகுவது முன்னிருந்து இரண்டாம் அறையில், அதுவும் இடப்புறத்தில்.

மாணவர்களே, இக்கணக்கின் அழகை நோக்குங்கள். எட்டு அறைகளில் ஒன்றைக் காண மூன்று சோதனைகளே தேவைப்பட்டன. பதினாறு அறைகளாயின் நான்கு போதும். முப்பத்திரண்டாயின் ஐந்து. ஒவ்வொரு முறையும் தேடும் பரப்பைப் பாதியாக்குவதால் பெரிய வேலை விரைவில் சிறியதாகிறது.

கரையில் ஏற்றிச் சோதித்தல்

இனிப் படகைக் கரையில் ஏற்றி, உருளாதவாறு இருபுறமும் கட்டைகளால் முட்டுக் கொடுக்க வேண்டும். தாங்கி நிற்கும் படகின் அடியில் எவரும் நுழைதல் ஆகாது.

புகுவழி அடிப்பகுதியில் இருப்பதாகத் தெரிந்தால், படகினுள் நீரூற்றி வெளியே எங்கே கசிகிறது என்று பார்க்கலாம். நீரில் துணிக்குப் போடும் நீலம் சிறிது கரைத்துவிட்டால் கசிவு எளிதில் தெரியும். ஆனால் நீரை மிகுதியாக ஊற்றலாகாது. மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பரப்பில் பத்து சென்டிமீட்டர் நீர் நின்றால் அதன் எடை 300 கிலோகிராம். படகு வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கவே கட்டப்பட்டது. உள்ளிருந்து வரும் பாரத்தால் மூட்டுகள் விட்டுப்போகும். இரண்டு மூன்று விரற்கடை நீரே போதும்.

நம் படகின் புகுவழி மேலே பக்கப்பலகையில் இருந்தமையால் வேறு முறையைக் கையாண்டோம். உட்புறத்தைத் துணியால் துடைத்து உலர்த்தி, அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பலகையின் மேல் மெல்லியதாகத் தூவினோம். வெளியிலிருந்து ஒருவர் குவளையால் நீர் ஊற்றினார். கீழ் மூட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டாக மேலே சென்றார். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடங்களையும் நனைத்து நம்மை ஏமாற்றிவிடும். மூன்றாம் பலகைக்கு வந்த போது, உள்ளே வலை வைக்கும் பெட்டியின் பின்னால் ஒரே ஓர் இடத்தில் சாம்பல் கறுத்தது. பெரிய நாணயம் அளவே அக்கறை. வெளியே அவ்விடத்தில் நீல வண்ணத்தைச் சுரண்டினோம். உள்ளே பூசுமாவு, அதற்கும் உள்ளே துருவேறி உதிர்ந்த இரும்பாணி. எப்பொழுதோ எவரோ மாவை அடைத்து மேலே வண்ணம் பூசியிருந்தனர். புதிய வண்ணம் குறையை மறைத்ததேயன்றிப் போக்கவில்லை.

ஐயத்திற்குரிய இடங்கள்

படகு எதனால் ஆனது என்பதற்கேற்பக் குறை தோன்றும் இடமும் மாறும். மரப்படகில் அடிமரமும் முதற்பலகையும் சேரும் மூட்டு, ஆணித் துளைகள், மரக்கணுக்கள், உளுத்த பாகங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கத்திமுனையால் மெல்லக் குத்தினால் நல்ல மரம் தடுக்கும். உளுத்த மரம் இடங்கொடுக்கும். உப்புநீர் கலக்கும் கழிமுகங்களில் கப்பற்புழுவுக்கும் அஞ்ச வேண்டும். பெயர் புழுவாயினும் அது சிப்பியினத்தைச் சேர்ந்த உயிர். அது மரத்தினுள் நுழையும் துளை குண்டூசித் தலையளவே இருக்கும். உள்ளே குடையும் சுரங்கமோ பன்மடங்கு பெரிது. அதன் குடையும் முறையைக் கண்டே பொறியாளர் மார்க் பிரூனல் சுரங்கம் தோண்டும் காப்புக்கூண்டை அமைத்தார் என்பர். லண்டன் தேம்ஸ் ஆற்றின் அடியில் அவர் அமைத்த சுரங்கவழி 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

கண்ணாடியிழைப் படகில் மூட்டுகள் குறைவு. அங்கே திருகாணித் துளைகளையும், பின்பலகையையும், கரையில் உரசித் தேய்ந்த அடிவிளிம்பையும், மயிரிழை போன்ற வெடிப்புகளையும் ஆராய வேண்டும். அலுமினியப் படகில் தறையாணிகள் தளர்ந்திருக்கும். இயந்திரப் படகில் எண்ணெய் ஆவி தங்கியிருக்கக்கூடும். ஆகவே இருளான மூலைகளைக் காணக் கைவிளக்கையே பயன்படுத்துக. மெழுகுவத்தியோ தீக்குச்சியோ ஏற்றுதல் கூடவே கூடாது.

அடைத்தலும் மறுசோதனையும்

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. படகு மருத்துவமும் அவ்வாறே. காரணம் தெரிந்தபின் வேலை எளிது.

திரங்கானுவில் டூயோங் தீவின் மலாய்த் தச்சர்கள் பெயர்பெற்ற படகு கட்டுநர்கள். அவர்கள் செங்கால் மரப்பலகைகளை மரமுளைகளால் ஒன்றோடொன்று இணைப்பர். பலகைகளுக்கிடையே கெலாம் மரத்தின் பட்டையை வைப்பர். அப்பட்டை நீரில் ஊறி மூட்டை அடைத்துக்கொள்ளும். மூட்டுகளில் நார் அல்லது பஞ்சைச் செலுத்தி அடைப்பதை நம் முன்னோர் கலப்பற்று என்றனர். டாமார் என்னும் மரப்பிசினை எண்ணெயில் குழைத்து மேலே பூசுவதும் பழைய வழக்கம்.

நம் படகில் துருப்பிடித்த ஆணியை அகற்றினோம். துளையைத் தூய்மை செய்து, கடினமரத்தில் செதுக்கிய முளையைப் பஞ்சு சுற்றி டாமார் தோய்த்து அடித்தோம். அருகில் துத்தநாகம் பூசிய புதிய ஆணி ஒன்று அறையப்பட்டது. செலவு, வீணான தாரின் விலையில் சிறு பங்கும் இல்லை.

அத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. முன்பு செய்த சோதனையை அதே வாளியாலும் அதே நேர அளவாலும் அதே நால்வரைக் கொண்டும் மீண்டும் செய்தோம். ஒரு மணி நேரத்தில் ஒரு குவளை நீர் கூடச் சேரவில்லை. ஒரே குறைதான் இருந்தது என்பதும், அது நீங்கியது என்பதும் அப்பொழுதே உறுதியாயிற்று. நீர் மீண்டும் கணிசமாகச் சேர்ந்திருந்தால், இன்னொரு புகுவழியைத் தேடத் தொடங்கியிருப்போம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகு வாங்கும் முன் அதனை நீரில் இறக்கி, ஆளேற்றி, ஒரு மணி நேரமாவது பாருங்கள். புதிய வண்ணம் கண்டால் ஒரு முறைக்கு இரு முறை ஆராயுங்கள். நீர் இறைக்கும் குவளையைக் கயிற்றால் படகிலேயே கட்டி வையுங்கள். உயிர்காப்பு அங்கியின்றிப் பிள்ளைகளைப் படகில் ஏற்றாதீர்கள். ஆற்றில் வெள்ளம் வரும் காலத்தில் சோதனைக்கென்றும் இறங்காதீர்கள். நன்கு நீந்தத் தெரிந்தவரும் கலங்கிய வெள்ளத்தின் முன் எளியவரே.

மாணவர்களே, உங்கள் கணக்கேட்டை எடுத்துப் பாருங்கள். விடை பிழையாவது கடைசி வரியில் தெரியும். பிழை நேர்ந்ததோ மூன்றாம் வரியில் இருக்கும். கடைசி வரியை மட்டும் அழித்து எழுதினால் கணக்குத் திருந்தாது. ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கிச் சென்று பிழை பிறந்த இடத்தைக் காண வேண்டும். படகைத் திருத்திய கைகளுக்கும் கணக்கைத் திருத்தும் கைகளுக்கும் வேண்டிய குணங்கள் இரண்டே: பொறுமை, ஒழுங்கு. அவை உங்களிடம் வளர்க!

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஒரு படகில் 32 அறைகள் உள்ளன. பாதி பாதியாகத் தேடினால் நீர் புகும் அறையை எத்தனை சோதனைகளில் காணலாம்?

2. அரை மணி நேரத்தில் 4 லிட்டர் நீர் புகும் படகில், இறைக்காமல் விட்டால் ஓர் இரவில், அதாவது 10 மணி நேரத்தில், எவ்வளவு நீர் சேரும்?

3. வெறும் படகில் நீர் புகவில்லை. மூவர் ஏறியதும் புகுகிறது. புகுவழி எவ்விரு கோடுகளுக்கு இடையில் இருக்கும்? காரணம் கூறுக.

4. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகும் இடத்தைப் பெற்றோருடன் ஆராய்ந்து, நீர் சொட்டும் இடத்திற்கும் துளைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுக. கூரைமேல் ஏறும் வேலையைப் பெரியவர்களிடமே விடுக.